அப்பா வீட்டுக் கூப்பாடு

மாட்டைக் கூப்பிடுவதில் என்ன இருக்கிறது, ‘பா பா’ என்றால் வந்துவிட்டுப் போகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். கொட்டகையில் ஒன்றும் இரண்டுமாகக் கட்டி வைத்திருக்கிறவர்கள் அப்படிச் சொல்லலாம். ஊர் மாடு நூற்றுச் சொச்சத்தைக் காலையில் ஓட்டிக்கொண்டு போய், சாயங்காலம் ஒன்று குறையாமல் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கிற குடும்பத்தில் பிறந்து, அதே போல இன்னொரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். கூப்பாடு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

அப்பா ஊர் பெண்ணையாற்றுக்கு வடகரையில், முகையூர்ப் பக்கம். புகுந்த ஊர் தென்கரையில், திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம். நடுவில் ஆறு. ஆறு என்றால் வருஷத்தில் பாதி நாள் மணல்தான். செருப்பில்லாமல் மத்தியானத்தில் கடந்தால் தெரியும், எவ்வளவு அகலம் என்று.

மாடு மேய்க்கிற வீடு ஒவ்வொன்றுக்கும் தனிக் கூப்பாடு உண்டு. அதில் வார்த்தை கிடையாது, குரல்தான். கன்று பிறந்து காது விறைக்கிற நாளிலிருந்து அதைக் கேட்டே வளரும். எங்கள் அப்பா வீட்டுக் கூப்பாடு அடிவயிற்றில் மெதுவாகத் தொடங்கி, ‘ஓ… லோ லோ லோ…’ என்று நீண்டு, கடைசியில் ஒரு தூக்குத் தூக்கி நிற்கும். அப்பா ஏரிக்கரையில் நின்று அதைக் கொடுத்தால், மூன்று கொல்லைக்கு அப்பால் மேய்கிற மாடும் வாயிலிருக்கும் புல்லோடு நடக்க ஆரம்பித்துவிடும். நானும் அதே போலக் கூப்பிடுவேன். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டாள். பாதிரியார் பள்ளியில் நாலாவது வரை படித்த நேரம் போக, மற்ற நேரமெல்லாம் நான் அப்பாவோடு மந்தையில்தான் இருந்தேன்.

யுத்தம் வருவதற்கு நாலைந்து வருஷம் முன்னால், ஒரு தை மாசத்தில் எனக்குக் கல்யாணம் நடந்தது. அப்பா எனக்குக் கொடுத்தனுப்பியது ஒரு ஜோடித் தோடும் ஒரு மயிலைப் பசுவும். தோட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மயிலை அப்போதுதான் தலைச்சன் சினை பிடித்திருந்தது. பிறந்த பத்தாம் நாளே தாயை இழந்த கன்று அது. கேப்பைக் கூழைத் தண்ணீராகக் கரைத்து, துணியை நனைத்து நனைத்து வாயில் வைத்து வளர்த்தவள் நான். சாம்பல் பூசினாற்போல் நிறம், உள்பக்கம் வளைந்த கொம்பு, திமிரான நடை. அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

ஆற்று மணலில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து, புகுந்த வீட்டு வாசலை மிதித்த அன்று சாயங்காலமே மாமியார் என்னிடம் அந்தப் பேச்சை எடுத்துவிட்டார்.

“இந்தா பாருமே. இந்த வூட்டுக்கு ஒரு கூப்பாடுதான். ஒங்கப்பன் வூட்டுக் கூப்பாட்ட ஆத்துலயே வுட்டுட்டு வந்துட்டன்னு நெனச்சிக்கோ. எக்காரணத்தக் கொண்டும் ஒன் வாயில அது வரக்கூடாது.”

வீட்டுப் பெயர் மாறும், குலசாமி மாறும் என்று தெரிந்துதான் வந்தேன். குரலும் மாறவேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். அப்பாவுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் பெண்ணிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வந்திருக்காது.

மாமியார் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கோடையில் இரண்டு கரையிலும் புல் கருகிப்போகும். பச்சை என்று இருப்பது ஆற்றுக்குள் வளரும் கோரையும் நாணலும்தான். தண்ணீர் என்று இருப்பது மணலில் தோண்டிய ஊற்றுதான். வடகரை மந்தையும் தென்கரை மந்தையும் அங்கேதான் இறங்கும், மத்தியானத்தில் பக்கத்துப் பக்கத்தில் படுத்து அசை போடும். கலந்துவிடாமல் காப்பது அந்தந்த வீட்டுக் கூப்பாடு மட்டும்தான். இந்தக் கரையில் ஒருத்தி அந்தக் கரைக் கூப்பாட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்? இது எனக்கும் புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் அதிகமாக வந்தது. நியாயமில்லாத மாமியாரோடு சண்டை போடலாம், நியாயத்தோடு எப்படிப் போடுவது?

எங்கள் வீட்டுக்காரரின் கூப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ‘ஹேய்… பா! ஹேய்… பா!’ என்று வெட்டி வெட்டி விழும். மாட்டைக் கூப்பிடுகிறாரா, திருடனை விரட்டுகிறாரா என்று எனக்கு முதல் நாள் சந்தேகமாகவே இருந்தது. வீட்டில் அவர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டார். சோறு வேண்டும் என்பதைக்கூடத் தட்டைப் பார்த்துத்தான் தெரிவிப்பார். காட்டுக்குப் போனால் அந்தத் தொண்டை எங்கிருந்து வரும் என்றே தெரியாது. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு நாள்தான் ஆனது. ஊர் மாடுகளும் என் குரலை ஏற்றுக்கொண்டன. மயிலை மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை.

மற்றபடி அந்த வாழ்க்கையில் எனக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை. விடிந்ததும் வீட்டுக்கு வீடு மாட்டை அவிழ்த்து விடுவார்கள், அவை தாமாகவே மந்தைவெளிக்கு வந்து நிற்கும். செவலை, காரி, புல்லை, மோழை என்று பார்த்த மாத்திரத்தில் எது வரவில்லை என்று தெரிந்துவிடும். எண்ணிப் பார்ப்பது தெரியாதவர்கள் செய்கிற வேலை. மந்தைவெளியில் விழும் சாணி எங்களுக்கு. ஊர்வீடுகளில் ஆளுக்கு ஒரு நாளாகக் கூழ் ஊற்றுவார்கள், அறுப்பு முடிந்தால் களத்தில் எங்களுக்கென்று நெல் ஒதுக்குவார்கள். வெயில் ஏறுவதற்குள் காட்டில் இருப்போம். காற்று, மாட்டு வாசனை, மடியில் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. வேறு என்ன வேண்டும்?

மயிலையைப் பழக்க எல்லா வழியும் பார்த்தோம். என் கையில் மல்லாட்டைப் பிண்ணாக்கை வைத்துக்கொண்டு, ‘ஹேய்… பா!’ என்று கூப்பிடுவேன். ஓடி வரும். சரி, பழகிவிட்டது என்று மறுநாள் வெறுங்கையோடு கூப்பிட்டால், நின்ற இடத்திலேயே நின்று என்னை ஏற இறங்கப் பார்க்கும். மாமியார் என் திண்டாட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு,

“அது கூப்பாட்டுக்கு வர்ல. பிண்ணாக்குக்கு வருது. ஒம் புருசன் மாதிரியே கெட்டிதான்” என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் அன்று ஒரு வாரத்துக்குப் பிறகு வாயைத் திறந்தார்: “என்ன எதுக்கு இழுக்கறீங்க?”

மாசி மாசத்தில் மயிலை முதல் தடவை ஆற்றைக் கடந்தது. சாயங்காலம் மந்தை ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் வடக்கேயிருந்து காற்று அடித்தால், அப்பா அக்கரையில் மாடு திருப்புகிற குரல் மெல்லியதாகக் கேட்கும். எனக்கும் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். மயிலைக்குக் கடிக்கப் பல் இருந்ததே தவிரக் கடிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. வரிசையிலிருந்து விலகி, கரையிலிருந்து மணலில் இறங்கி, நேராக நடந்துவிட்டது. மறுநாள் காலையில் அப்பா ஓட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார். வாசல்வரை வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை; சம்மந்தி முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சம்.

பங்குனியில் இரண்டாம் தடவை. சித்திரையில் மூன்றாம் தடவை. அன்று மாமியார் என்னை எதிரில் உட்காரவைத்துப் பேசினார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“ஆத்துல இப்ப மணலு. ஆடி பொறந்தா மேக்கேருந்து தண்ணி வரும். அன்னிக்கும் ஒங்கப்பன் அக்கரைல கூப்புடத்தான் செய்வாரு. இது எறங்கும். வயித்துல கன்னோட தண்ணில போவும். அத என் கண்ணால பாக்க முடியாது. ஆனி முடியறதுக்குள்ள இது நம்ம கூப்பாட்டுக்குத் திரும்பணும். திரும்பலன்னா ஒங்கப்பன் வூட்டுலயே கொண்டு போய் வுட்டுடு.”

“கட்டிப் போட்டு வளக்கறேன் அத்தே.”

“கட்டிப் போட்டா தீனிக்கு எங்க போறது? மாடு மேய்க்கற வூட்டுல கட்டுத்தறி மாடு வெச்சிக்கினு இருந்தா ஊரு சிரிக்காது?”

கேப்பை அரைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டே அழுதேன். அந்த ஊரில் எல்லாரும் நல்லவர்கள்தான், ஆனால் நான் இன்னாருடைய மருமகளான பிறகு என்னைத் தெரிந்தவர்கள். எனக்குக் கல்யாணமாவதற்கு முன்னால் என்னைத் தெரிந்திருந்த உயிர் அங்கே அது ஒன்றுதான். அதை அனுப்பிவிட்டால், அப்பா ஊரில் இருந்த அந்தப் பெண் யார் என்று எனக்கே மறந்துபோகும் என்று பயந்தேன்.

வைகாசி வெயிலில் இரண்டு மந்தையும் ஆற்றில் இறங்கின. மணல் நடுவில் திட்டாக ஒரு மேடு, அதில் இரண்டு புங்க மரம். ஒன்றின் கீழ் அப்பா, இன்னொன்றின் கீழ் நாங்கள். எட்டிப் பேசுகிற தூரம்தான், ஆனாலும் அப்பாவும் நானும் அதிகம் பேசிக்கொள்ளமாட்டோம். “கண்ணு, சாப்ட்டியா?” என்பார். “ஆச்சிப்பா” என்பேன். இரண்டு மந்தையும் ஊற்றில் குடித்துவிட்டு அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதியாகப் படுத்திருக்கும்.

திட்டுக்குக் கிழக்கே ஒருவர் வெள்ளரிக் கொல்லை போட்டிருந்தார். கோடையில் ஆற்றுக்குள் வெள்ளரி போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மணலைக் குழித்து, எரு வைத்து, கொடிக்குக் கொடி குடம் தண்ணீர் ஊற்றி வளர்க்க வேண்டும். சுற்றிக் காவலுக்கு முள்ளைப் போட்டிருந்தார். முள்ளு எந்த இடத்தில் காற்றுக்கு விலகியிருக்கிறது என்பதை மயிலை எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டது.

மாமியார் அப்போதுதான் கூழ்ப் பானையோடு வந்து இறங்கியிருந்தார். கூழைக் கரைக்கிறேன், தலையை நிமிர்த்துகிறேன், மயிலை வெள்ளரிக் கொல்லைக்குள் நிற்கிறது. கொல்லைக்காரர் அடுத்த மூலையிலிருந்து பெரிய தடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார். தடி விழப்போவது வயிற்றில் என்று எனக்குப் பட்டது. ‘ஹேய்… பா!’ என்று கத்தினேன். மயிலை காதைக்கூட ஆட்டவில்லை. மறுபடி கத்தினேன். தடி கிட்டே வந்துவிட்டது.

அதன் பிறகு நான் யோசிக்கவில்லை. ஐந்து மாசமாக அடக்கி வைத்திருந்தது அடிவயிற்றிலிருந்து தானாகக் கிளம்பிவிட்டது. “ஓ… லோ லோ லோ…”

நல்ல கூப்பாடு. என் வாழ்நாளில் அதைப்போல நான் கொடுத்ததில்லை என்றே நினைக்கிறேன்.

மயிலை வாயிலிருந்த பிஞ்சைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பியது. அது மட்டும் திரும்பியிருந்தால் நான் இதை எழுதவேண்டிய அவசியமே இருந்திருக்காது. அப்பா பக்கத்து மரத்தடியில் படுத்திருந்த நூறு மாடும் ஒரே சமயத்தில் எழுந்தன. கிழக்கே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த முப்பது நாற்பதும் தலையைத் தூக்கின. என் குரலைக் கேட்டு எத்தனை மாசம் ஆகியிருந்தது! பாவம், அவற்றுக்கு என்ன சந்தோஷமோ, நடந்து வரவில்லை, ஓடி வந்தன. ஊற்றுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது வெள்ளரிக் கொல்லை.

கொல்லைக்காரர் தடியைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். தடியால் ஒரு மாட்டை அடிக்கலாம். என்னைச் சுற்றி வடகரை மாடு, அதைப் பார்த்து மிரண்டு எழுந்த தென்கரை மாடு, எல்லாம் ஒன்றாகக் கலந்து, புழுதியில் எது எவருடையது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு கிழட்டுச் செவலை என் தோளை நக்கிற்று. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரித்தது பெரிய தப்பு. மாமியார் பார்த்துவிட்டார்.

“அத்தினியும் பவுண்டுக்கு ஓட்டப்போறேன்!” என்று கொல்லைக்காரர் கத்தினார். பவுண்டு என்றால் பயிர் மேய்ந்த மாட்டை அடைத்துவைத்து அபராதம் வாங்குகிற சர்க்கார் பட்டி. “ரெண்டு மந்தையும் ஓட்டுவேன், பாத்துக்கினே இருங்க!”

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “தப்பு எங்களுதுதாங்க. பேஜாரு பண்ணாதீங்க. இன்னா செய்யணும்னு சொல்லுங்க, செய்றோம்.”

நல்ல மனுஷர் அவர். பாதிக் கொடி தப்பித்திருந்ததைப் பார்த்துக் கொஞ்சம் ஆறினார். கரைமேல் இருந்த அவருடைய மல்லாட்டை நிலத்தில், விதைப்புக்கு முன்னால் ஆளுக்கு ஏழு நாள் மந்தையை மடக்கி எருப்போட்டுத் தருவது என்று முடிவாயிற்று. இரண்டு மந்தையின் சாணியும் மூத்திரமும் விழுந்த நிலம் மூன்று வருஷத்துக்குப் பேசும். மிதிபட்ட வெள்ளரியோடு வைத்துப் பார்த்தால் அவருக்கு நஷ்டமில்லை, ஆனாலும் போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்.

மிச்சம் இருந்தது மந்தையைப் பிரிப்பது. அப்பா வடக்கே நூறு தப்படி நடந்து நிற்கவேண்டும், எங்கள் வீட்டுக்காரர் தெற்கே நூறு தப்படி நடந்து நிற்கவேண்டும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட வேண்டும். வேறு வழி இல்லை. அப்பா என்னிடம் வந்து, “கண்ணு, மயிலய நீ கொம்பப் புடிச்சி நிறுத்திக்கோ, அப்புறம் நான் கூப்புட்றேன்” என்றார்.

“வாணாம் சம்மந்தி” என்று மாமியார் குறுக்கிட்டார். “ஆனி வரைக்கும் இன்னாத்துக்குக் காத்துக்கினு இருக்கணும்? கொம்ப வுடச் சொல்லுங்க. இன்னிக்கே தெரிஞ்சி போவட்டும். நிக்கறது நிக்கட்டும், போறது போவட்டும்.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் கொம்பை விட்டுவிட்டேன்.

இரண்டு கூப்பாடும் ஒன்றாக எழுந்தன. கலங்கிக் கிடந்த இருநூற்றுச் சொச்சம் மாடும் ஒரு கணம் அப்படியே நின்றன. பிறகு ஒவ்வொன்றாக விலகி, எதிரும் புதிருமாக ஒன்றையொன்று உரசிக்கொண்டு, தன் தன் குரலைப் பார்த்து நடந்தன. ஒன்றுகூடத் தப்பாகப் போகவில்லை. எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்தக் காட்சியைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்ததை மறைக்க மாட்டேன்.

மயிலை எங்கள் வீட்டுக்காரர் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. என்னையும் பார்த்தது. பிறகு அப்பாவின் பின்னால் நடந்தது. நான் வாயைத் திறந்திருந்தால் திரும்பியிருக்கும், அதோடு நூற்று நாற்பதும் திரும்பியிருக்கும். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். அக்கரை மேட்டில் ஏறி, பனைமரங்களுக்குப் பின்னால் அதன் வால் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக்காரர் மந்தையை ஓட்டிக்கொண்டு கோரைப் பக்கம் நகர்ந்துவிட்டார். நானும் மாமியாரும் மரத்தடியில் கூழ்ப் பானையோடு இருந்தோம். நான் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

“அழுவாதமே. மாடுதான.”

அந்த ‘மாடுதான’ என்ற சொல் என்னை உசுப்பிவிட்டது. மாமியாரிடம் பேசக்கூடாததைப் பேசிவிட்டேன்.

“ஒங்களுக்கின்னா அத்தே! ஒங்கப்பன் வூட்டுக் கூப்பாட்ட நீங்க என்னிக்கோ மறந்துட்டீங்க. எனக்கு மறக்கலியே!”

அடி விழும் என்று எதிர்பார்த்தேன். “மறந்துட்டனா?” என்றார். எழுந்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். அக்கம்பக்கம் ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

“ரூ… ரூ… ரூரூரூ… ஏஏய்…”

நான் அதுவரை கேட்டிராத கூப்பாடு. குழந்தையைத் தூங்க வைக்கிறாற்போல் தாழ்வாக ஆரம்பித்து, போகப் போக ஏறி, ஆறு முழுக்க நிறைந்து நின்றது. ஐம்பது வயதுக்காரியின் தொண்டையா அது என்று இருந்தது. எங்கள் மந்தை கோரையில் மேய்ந்துகொண்டிருந்தது. நூறு மாட்டில் ஒன்றின் காதுகூட அசையவில்லை. ஏதோ காக்கை கத்தியதைப்போல மேய்ந்துகொண்டே இருந்தன. அவர் கையை இறக்காமல் கொஞ்ச நேரம் நின்றார், ஒன்றாவது திரும்பும் என்று எதிர்பார்த்தவரைப்போல.

பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பிறந்தது திண்டிவனத்துப் பக்கம் என்று எனக்குத் தெரியும், அதற்குமேல் அவர் சொன்னதில்லை. அன்று சொன்னார்.

“நானும் ஒரு மாடு ஓட்டிக்கினுதான் வந்தேன். காரி. அதுவும் எங்கப்பன் கூப்பாட்டுக்குத்தான் வரும். ஆறு மாசம் பாத்துட்டு எம் மாமியா சந்தைக்கு ஓட்டிட்டாங்க. எங்கப்பனும் போய்ட்டாரு. எந் தம்பி விழுப்புரத்துல ரயில்ரோட்டு வேலைக்குப் போய்ட்டான். இப்ப அந்த மந்தைய வேற ஆளு மேய்க்கறான், வேற கூப்பாடு. இதுக்குத் திரும்பற மாடு ஒலகத்துல ஒன்னுகூடக் கெடையாது.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் உதறவும் இல்லை, என் கையைப் பிடிக்கவும் இல்லை. கூழை எடுத்துக் குடித்தார். பாதிக் குவளையில் நிறுத்தி, ஏதோ கணக்குப் போடுவதுபோல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏமே, அது எதுக்கு அக்கரைக்குப் போவுது?”

“அப்பா கூப்புட்றாருன்னுதான்.”

“அந்தக் கூப்பாடு இக்கரைலயும் இருந்தா அது எதுக்குத் தண்ணில எறங்குது?”

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

“ஆத்துக்குள்ள வாயத் தொறந்தியோ, தோல உரிச்சிடுவேன்” என்றார் மாமியார். “இங்க ரெண்டு மந்தையும் இருக்கும். ஊருக்குள்ள, நம்ம வாசல்ல, நம்ம காட்டுல, அத ஒனக்குத் தெரிஞ்ச மாதிரி கூப்பிட்டுக்கோ. மெல்லமா கூப்புடு. போ, போய் ஓட்டிக்கினு வா. ஜல்தியா போ, வெயில் சாயறதுக்குள்ள.”

போனேன். அப்பா மந்தையை ஊருக்குள் சேர்த்து முடிக்கும்வரை காத்திருந்து, மயிலையை ஓட்டிக்கொண்டு வந்தேன். தெருமுனையில் கயிற்றை அவிழ்த்துவிட்டு, வாசலில் போய் நின்று மெல்லக் கூப்பிட்டேன். அந்தத் தெருவில் அப்படி ஒரு குரல் அதுவரை கேட்டதில்லை. நாலு வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். மயிலை திமிராக நடந்து வந்து எங்கள் கொட்டகைக்குள் நுழைந்தது.

“ஒரு வூட்டுல ரெண்டு கூப்பாடா?” என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

“ஒனக்கின்னா போவுது?” என்றார் மாமியார்.

ஆடியில் தண்ணீர் வந்தது. செம்மண் கலங்கலாக இரண்டு கரையும் தொட்டு ஓடியது. சாயங்காலத்தில் அப்பாவின் குரல் தண்ணீருக்கு மேலாக வந்தபோது மயிலை மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கியது. கரையிலிருந்து நூறு தப்படி தள்ளி நின்று, அதே கூப்பாட்டை மெல்லக் கொடுத்தேன். அக்கரையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. நான் கிட்டே இருந்தேன். என்னிடம் வந்தது. அன்றைக்கு அப்பாவும் என் குரலைக் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன், கேட்டாரா என்று நான் அவரைக் கேட்டதில்லை.

ஆவணி கடைசியில் மயிலை கன்று போட்டது. கிடேரி, நல்ல செவலை. மாமியார் என்னை அதன் பக்கத்தில் அண்டவிடவில்லை. சீம்பால் காய்ச்சு, தண்ணீர் கொண்டுவா, தழை அறுத்து வா என்று ஏதாவது ஒரு வேலை சொல்லி விரட்டிக்கொண்டே இருந்தார். கன்றுக்கு வைத்தியம் பார்க்கிறார் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். இரண்டொரு தடவை குடத்தோடு திரும்பி வரும்போது, கொட்டகைக்குள் அவர் கன்றிடம் என்னவோ முணுமுணுப்பது காதில் விழுந்தது. என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டு, குடம் ஏன் நிறையவில்லை என்று சண்டை பிடிப்பார்.

பொங்கலுக்குப் பிறகு கன்றை மற்றக் கன்றுகளோடு மந்தைவெளியில் விட ஆரம்பித்தோம். ஒரு நாள் சாயங்காலம் நான் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தேன். மந்தை அப்போதுதான் திரும்பியிருந்தது. மந்தைவெளி முழுக்கத் தூசி, தாய் மாடுகள் கத்துகின்றன, கன்றுகள் ஓடுகின்றன. மாமியார் தெருவின் கோடியில் போய் நின்றார். நான் பார்ப்பது அவருக்குத் தெரியாது. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

“ரூ… ரூ… ரூரூரூ… ஏஏய்…”

தூசிக்குள்ளிருந்து ஒரே ஒரு தலை நிமிர்ந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு, மாடுகளின் காலுக்குள் புகுந்து புறப்பட்டு, எங்கள் செவலைக் கன்று அவரிடம் ஓடி வந்தது. மாமியார் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் முறத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். கன்று அவருடைய முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது, அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

“திரும்பிச்சி பாத்தியாமே?” என்று கேட்டார்.

பார்த்தேன் என்றேன்.